பஞ்சாட்சரம் என்கிற பஞ்ச்

எங்க ஊர் திருவண்ணாமலைல "பஞ்சாட்சரம்"னா சின்னப் பிள்ளைங்களுக்கும் தெரியும். நமசிவாய என்கிற அஞ்செழுத்து. அதே பேர் "பஞ்ச்" ஆகச் சுருங்கி, இங்கிலாந்து வரைக்கும் போய் ஒரு விளையாட்டோட கணக்கையே மாத்தின கதை நம்மாளுங்கள்ல நிறைய பேருக்குத் தெரியாது. அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

ஆளோட முழுப்பேர் பஞ்சாட்சரம் குணாளன். மலேசியத் தமிழர். பிறந்தது 1944. ஆடினது பேட்மிண்டன். நாம இறகுப்பந்துன்னு சொல்றதை மலேசியத் தமிழர்கள் பூப்பந்துன்னு சொல்வாங்க. நம்ம பக்கம் பூப்பந்துன்னா கம்பளிப் பந்து வெச்சு ஆடுற வேற ஆட்டம். குழப்பிக்காதீங்க :-)

இரட்டையர் ஆட்டத்துல அவரோட ஜோடி இங் பூன் பீ. வயசுலயும் அனுபவத்துலயும் மூத்தவர். டான் யீ கானோட சேர்ந்து 1965, 1966ல ஆல் இங்கிலாந்து பட்டம் வாங்கினவர். அப்படிப்பட்டவர் பக்கத்துல நின்னு ஆடுறது லேசான காரியம் இல்ல. ஆனா இந்த ஜோடி பிச்சு உதறிச்சு. 1969ல ஆசியப் பட்டம். 1970ல எடின்பரோ காமன்வெல்த் தங்கம், அதே வருஷம் பாங்காக் ஆசிய விளையாட்டுத் தங்கம். 1971ல ஆல் இங்கிலாந்து. இறுதி ஆட்டத்துல எதிர்ல நின்னது ரூடி ஹார்டோனோ - இந்திரா குணவான் ஜோடி. உலக சாம்பியன்ஷிப்னு ஒண்ணு 1977லதான் ஆரம்பிச்சது. அதனால அன்னிக்கு ஆல் இங்கிலாந்து ஜெயிச்சவங்கதான் கிட்டத்தட்ட உலக சாம்பியன். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல பேட்மிண்டனை காட்சி ஆட்டமா வெச்சப்போ, இரட்டையர்ல இவங்களுக்கு ரெண்டாவது இடம்.

ஒற்றையர்லயும் மனுஷன் சும்மா இல்ல. 1974 கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த்ல தங்கம். அதே வருஷம் ஆல் இங்கிலாந்து இறுதிக்குப் போய், தொடர்ந்து ஆறு வருஷம் பட்டத்தை வெச்சிருந்த ஹார்டோனோவை மூணு கேம் வரைக்கும் இழுத்துட்டுத்தான் தோத்தார்.

இரட்டையர் ஆட்டக்காரங்க பல பேர் ஓய்வுக்கு அப்புறம் கோச் ஆவாங்க. டென்மார்க்கோட மத்தியாஸ் போ 2012 லண்டன்ல வெள்ளி வாங்கினவர். பிறகு நம்ம சாத்விக் - சிராக் ஜோடிக்கு பயிற்சி கொடுத்தார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுல அவங்க தங்கம் வாங்கினாங்க. குணாளனை அந்த வரிசையில சேர்க்க முடியாது. அவர் உலக சம்மேளனத்து நிர்வாகத்துக்குள்ள போய், எல்லா கோச்சும் பாடத்தை மாத்தி எழுதற மாதிரி ஒரு வேலை பண்ணிட்டார். அதுதான் 21 பாயிண்ட் முறை.

பழைய கணக்கு தெரியாதவங்களுக்குச் சின்ன விளக்கம். முன்னெல்லாம் சர்வ் போடுற பக்கத்துக்கு மட்டும்தான் பாயிண்ட். எதிராளி ஜெயிச்சா சர்வ் கை மாறும், ஸ்கோர் நகராது. இரட்டையர்ல இன்னும் ஒரு விசேஷம். முதல் ஆள் சர்வை இழந்தா, அவர் ஜோடிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. ரெண்டு பேரும் இழந்தாத்தான் சர்வ் அந்தப் பக்கம் போகும். (கேம் ஆரம்பத்துல மட்டும் ஒரே வாய்ப்பு.) தோத்துட்டு இருக்கிற ஜோடி மூச்சு வாங்கி, நிதானிச்சு, மேல ஏறி வர இதுதான் ஏணி. ஆனா ஆட்டம் எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது. டிவிக்காரங்களுக்கு இது பெரிய தலைவலி. 2001-02 வாக்குல ஏழு பாயிண்ட், அஞ்சு கேம்னு ஒரு சோதனை நடந்தது. அது நிலைக்கல.

குணாளன் தரப்பு கொண்டுவந்தது: எந்தப் பக்கம் ஜெயிச்சாலும் பாயிண்ட், கேமுக்கு 21. இரட்டையர்லயும் ஒரு பக்கத்துக்கு ஒரே சர்வ். 2006 தொடக்கத்துல சோதனை, அதே வருஷம் மே மாசம் ஒப்புதல். எதிர்ப்பு பலமாவே இருந்தது. ஒரு சின்னத் தப்புக்கும் பாயிண்ட் போகுதே, திரும்பி வர நேரமே இல்லையேன்னு கேட்டாங்க. கேள்வி நியாயமானதுதான்.

என்னை யோசிக்க வைக்கிற விஷயம் என்னன்னா, இதை முன்னால நின்னு நடத்தினவர் அந்த ரெண்டாவது சர்வை வெச்சே உலகத்தை ஜெயிச்சவர். அதோட அருமை அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சே எடுத்திருக்கார். தான் ஏறி வந்த ஏணியை அடுத்தவனுக்கு இல்லாம பண்ணிட்டார்னு திட்டலாம். ஆட்டத்தை நாலு பேர் உட்கார்ந்து பாக்கணும்னு நினைச்சார்னும் சொல்லலாம். நான் ரெண்டாவது கட்சி. அதிகாரியா மட்டும் இருந்தவர் கொண்டுவந்திருந்தா, "இவனுக்கு ராக்கெட் பிடிக்கத் தெரியுமா"ன்னு ஒரே வரியில ஒதுக்கியிருப்பாங்க. இவர்கிட்ட அந்தப் பேச்சு எடுபடாது.

ஆனா நிர்வாக அரசியல் அவரையும் விடல. தலைவர் காங் யங் ஜூங்கோட மோதல் முத்தி, 2008ல பொறுப்புல இருந்து விலகினார். 2012 ஆகஸ்ட் 15ல காலமானார். வயசு 68. 21 பாயிண்டை மாத்தி, 11 பாயிண்ட், அஞ்சு கேம் ஆக்க 2018லயும் 2021லயும் ஓட்டெடுப்பு நடந்தது. ரெண்டு தடவையும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு கிடைக்கல. திட்டினவங்களோட விளையாட்டு உலகமே பன்னெண்டு, பதினஞ்சு வருஷம் கழிச்சு அதைக் கைவிட மனசில்லாம இருந்திருக்கு பாருங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு. 1970 பாங்காக்ல குணாளன் - பூன் பீ வாங்கின ஆசிய விளையாட்டு இரட்டையர் தங்கத்துக்கு அப்புறம், ஆண்கள் இரட்டையர்ல மலேசியாவுக்கு அடுத்த தங்கம் கிடைக்க 36 வருஷம் ஆச்சு. 2006 தோஹா. ஜெயிச்சது கூ கியென் கியட் - டான் பூன் ஹியோங். கோச், 1996 அட்லாண்டா இரட்டையர் தங்கம் வாங்கின இந்தோனேசியாவோட ரெக்சி மைனாக்கி. ஆடின கணக்கு, குணாளனோட 21.