கொழுந்துக் கூடையிலிருந்து தையல் இயந்திரத்துக்கு: மலையக இளையோரின் இடப்பெயர்வு

அக்கரப்பத்தனை போன்ற நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் விடியற்காலைப் பிரட்டுக்கு வரும் இளையோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். லயத்தில் பிறந்த பிள்ளைகளில் பலர் இன்று கட்டுநாயக்கவிலும் கொழும்பை அண்டிய ஆடைத் தொழிற்சாலைகளிலும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கின்றனர்.

தோட்டத்தை விட்டு ஆலைக்குப் போவது புதிதல்ல. காலனித்துவ காலத்திலேயே கொழும்பு வெள்ளவத்தை நூல் நெசவு ஆலையில் இந்திய வம்சாவளித் தொழிலாளர்கள் வேலை செய்தனர். ஆனால் பெரும் அலை 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துடன் தொடங்கியது. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் அத்தொழிலைக் கிராமப்புறங்களுக்கும் கொண்டுசென்றது. யுத்த காலத்தில் வேலை தேடிக் கொழும்புக்கு வந்த மலையக இளைஞர்கள் சோதனைச் சாவடிகளிலும் சுற்றிவளைப்புகளிலும் சந்தேகத்துக்குள்ளாயினர். பலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்டனர்.

வன்னிக்கும் இதில் ஒரு கதையுண்டு. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள் இறுதி யுத்தத்திலும் சிக்கின. 2009இன் பின் அங்கு திறக்கப்பட்ட ஆடைத் தொழிற்சாலைகளில் யுத்தத்தில் உழைப்பாளரை இழந்த குடும்பங்களின் பெண்களும் வேலை செய்கின்றனர்.

ஏன் போகிறார்கள்? தோட்டத்தில் குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான். 2021இல் 1,000 ரூபாவாக இருந்த நாட்சம்பளம் 2024இல் 1,350 ஆனது. அதுவும் வேலை கொடுக்கும் நாட்களுக்கு மட்டுமே. தொழிற்சாலையில் மாதச் சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு. ஆனால் விடுதி வாடகையும் சாப்பாடும் அதில் கணிசமான பங்கை விழுங்கும். இலக்கை எட்டாவிட்டால் ஊக்கத்தொகை போகும். வெளிநாட்டுச் சந்தை தளர்ந்தால் மேலதிக நேரமும் போகும். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடைக் கொத்தணியின்போது விடுதிகளில் முடங்கியவர்கள் இதை நன்கறிவர்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை:

பணிக்கொடை: 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாதோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்தவர் தானாக விலகினாலும் இது உரித்தாகும். மாதச் சம்பளக்காரருக்கு ஓராண்டுக்கு அரைமாதச் சம்பளம், நாட்சம்பளக்காரருக்கு 14 நாள் சம்பளம்.

சேமலாப நிதி: தொழிலாளி 8 வீதம், தொழில்கொள்வோர் 12 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதம், அது முழுவதும் தொழில்கொள்வோர் பொறுப்பு. தோட்டத்தில் சேர்ந்த பணத்தின் உறுப்பினர் இலக்கத்தைக் குறித்துவைத்து, அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் பதிவாகியிருக்கிறதா எனப் பாருங்கள்.

வீடு: லயக் காம்பரா தோட்ட வேலையோடு பிணைந்தது. வீட்டில் ஒருவர்கூடத் தோட்டப் பதிவில் இல்லாது போனால் அங்கு இருக்கும் உரிமை கேள்விக்குள்ளாகலாம். காணி உறுதி கையில் வரும்வரை, பிள்ளை கார்மண்ட்ஸுக்குப் போகத் தாய் மலையில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.