பத்தாயிரம் அடிக் கணக்கு எங்கிருந்து வந்தது?

வாக்கிங் போகிற யாரைக் கேட்டாலும் "ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ஸ்டெப்ஸ்" என்பார்கள். டாக்டர் சொன்னார், போன் சொன்னது, மருமகள் சொன்னாள். முதலில் சொன்னது யார் என்று தேடிக்கொண்டே போனேன். அந்தத் தேடல் ஆஸ்பத்திரியில் முடியவில்லை, ஒரு கருவிக் கம்பெனியில் முடிந்தது.

1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்தது. அடுத்த வருஷம், 1965இல், யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்கிற, அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் 'மன்போ-கேய்'. மன் என்றால் பத்தாயிரம், போ என்றால் அடி, கேய் என்றால் அளக்கும் கருவி. (நடக்கச் சொல்கிற கருவிக்கு நடுவில் ஒரு 'போ'. தமிழில் படித்தாலும் பொருத்தம்தான்!) பெரிய ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த எண் இல்லை இது. முழு எண், மனசில் நிற்கும், பெட்டி மேல் அச்சடிக்கலாம். அவ்வளவுதான் விஷயம். ஜப்பானின் நடைக் குழுக்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

2001இல் ஆஸ்திரேலியாவின் ராக்ஹாம்ப்டன் ஊரில் '10,000 ஸ்டெப்ஸ்' என்ற பேரிலேயே ஒரு மக்கள் திட்டம் தொடங்கியது. பிறகு அது இணையத்துக்குப் போனது. இடுப்புக் கருவி காட்டுகிற எண்ணை ராத்திரி உட்கார்ந்து இணையதளத்தில் பதிய வேண்டும். 2009இல் ஃபிட்பிட் வந்தபிறகு அந்த வேலையும் மிச்சம். கருவியே எண்ணி, கருவியே அனுப்பிவிடும். ஆனால் எண் மட்டும் மாறவில்லை. 1965இன் விற்பனைப் பெயர் அப்படியே ஆப்களின் இலக்காக உட்கார்ந்துகொண்டது.

இளைஞர்களுக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. வயதானவர்கள் கதை வேறு. எழுபது தாண்டிய என் பெரியப்பா தெரு முனைக் கடை, கோயில், மறுபடி வீடு என்று தினமும் நடப்பவர். போன் 3,800 என்று காட்டும். "பாதி மார்க்குகூட வரலையேடா, இதுக்கு எதுக்கு நடக்கணும்?" என்று ஒருநாள் கேட்டார். கேள்வி நியாயம்தானே?

அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் 2019இல் வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயும் குழுவினரும் 16,741 பெண்களை ஆராய்ந்தார்கள். சராசரி வயது 72. ஒரு வாரம் இடுப்பில் கருவி கட்டிவிட்டு, பிறகு சராசரியாக நான்கு வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். நாளுக்கு 2,700 அடி அளவில் நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவு. சுமார் 7,500 அடிவரை பலன் கூடிக்கொண்டே போனது. அதற்குமேல் கோடு தட்டையாகிவிட்டது. எவ்வளவு வேகமாக நடந்தார்கள் என்பதைவிட மொத்தம் எத்தனை அடி என்பதுதான் கணக்கில் நின்றது. 2022இல் பதினைந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு கட்டுரையும் அறுபது தாண்டியவர்களுக்கு அந்தத் தட்டை 6,000 முதல் 8,000க்குள் வருகிறது என்றது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவை கவனித்து எழுதிய ஆய்வுகள். நடப்பதால் நலமா, நலமாக இருப்பதால் நடக்கிறார்களா என்ற சந்தேகம் முழுசாகத் தீராது. ஆனாலும் லீயின் ஆய்வில் இருந்த பெண்களின் சராசரியே நாளுக்குச் சுமார் 5,500 அடிதான். பத்தாயிரம் கேட்கிற ஆப் கணக்கில் அவர்களில் பெரும்பாலோர் தினமும் தோற்றவர்கள்.

சிங்கப்பூர் இதைக் கொஞ்சம் விவரமாகவே கையாண்டது என்பேன். 2015இல் அங்கே தொடங்கிய தேசிய நடைச் சவாலில் இலவசமாகக் கருவி கொடுத்து, ஆப் வழியாகப் புள்ளி சேர்த்துப் பரிசு வாங்க வைத்தார்கள். அங்கேயும் 10,000 உண்டு, ஆனால் அது மேல் படி. 7,500க்கு ஒரு படி, அதற்கும் கீழே 5,000க்கு ஒரு படி. முதல் புள்ளி அங்கேயே கைக்கு வந்துவிடும்.