ஒரு லிட்டருக்கு எவ்வளவு மலை?

கள்ளக்குறிச்சியில் கிளம்பும் வெள்ளிமலை பஸ், கச்சிராயபாளையம் வரை டாப் கியரில் சுகமாகப் போகும். அதற்கப்புறம் மலை. இரண்டாவது கியர், ஒரு முனகல், ஒரு வளைவு, மறுபடி முனகல். ஆனால் டெப்போவில் இரண்டு சாலைக்கும் சேர்த்து ஒரே எண்தான் நிற்கும்: கே.எம்.பி.எல்., லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். அது குறைந்தால் டிரைவர் பதில் சொல்லணும்.

இந்தச் சிக்கனக் கணக்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1973 அக்டோபர் போரையொட்டி அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, சில மாதங்களில் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. 1974 ஜனவரியில் அமெரிக்கா நாடு முழுக்க மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ., என வேகத்துக்கு வரம்பு கட்டியது. இந்தியாவில் 1978இல் பி.சி.ஆர்.ஏ. என்ற எரிபொருள் சேமிப்பு அமைப்பு வந்தது. 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள் என்பது அதன் பிரபலமான அறிவுரை. விழுப்புரத்தில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தொடங்கியதும், கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் அதிகாரம் 1976இல் முடிவுக்கு வந்ததும் அதே பத்தாண்டில்தான்.

சமவெளியில் அந்த அறிவுரை சரி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். சேலம்–உளுந்தூர்பேட்டை நாற்கரச் சாலையில் 60இல் போகிற வண்டியை 80க்கு மிதித்தால், காற்றைத் தள்ளும் விசை மட்டும் 78 சதவீதம் கூடும்.

மலையில் கணக்கே வேறு. 12 டன் பஸ்ஸை 100 மீட்டர் உயர்த்த, என்ஜின் வீணாக்கும் வெப்பத்தையும் சேர்த்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் வேணும். மெதுவாக ஏறினாலும் வேகமாக ஏறினாலும் அந்த லிட்டரில் பெரிய மாற்றமில்லை. ஏற்றத்தில் சேர்ந்த ஆற்றலில் பெரும்பகுதி, இறங்கும்போது பிரேக்கிலும் என்ஜினிலும் சூடாகிப் போய்விடும்.

எண்ணுக்குப் பயந்தால், இறக்கத்தில் நியூட்ரலில் விடத் தோன்றும். அது உயிரோடு விளையாட்டு. என்ஜினின் பிடிமானம் போய், மொத்த பாரமும் பிரேக் மேல் விழும். மிச்சமும் கிடையாது: கியரில் காலை எடுத்தால் இன்றைய என்ஜின்கள் டீசலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் கொஞ்சம் எரியும்.

வேகம் டிரைவரின் கையில் இருக்கிறது, உயரம் இல்லை. அவர் காலில் இருப்பதை மட்டும் அவரிடம் கேட்கலாம். மலையின் செலவை மலையின் பேரில் எழுதுவதுதான் நியாயம்.