உதடும் குரலும் பிரிந்த கதை

1986இல் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற எங்கள் குடும்பத் திருமணம் ஒன்றின் வீடியோ நாடாவை, ரொறன்ரோவில் வாழும் என் மருமகன் சில வருடங்களுக்கு முன்னர் கடையொன்றிற் கொடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றினான். அன்றிரவே தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, அம்மம்மா வாயை மூடினாப் பிறகுதான் அவவின்ர குரல் கேக்குது. இறுவட்டில இருந்து படங்களை மாத்தேக்கையும் இதே கரைச்சல்தான்."

அம்மா காலமாகிப் பல ஆண்டுகள். அவர் பேசுவதைக் காட்டும் நாடா அது ஒன்றே.

திரைப்பட இறுவட்டுகளைக் கணினிக்கு மாற்றுவோர் பலரும் அறிந்த தொல்லை இது. ஆயினும் கணினியோடு பிறந்ததன்று. சினிமாவின் வயதே இதற்கும் வயது.

1894இன் முடிவிலோ 1895இன் தொடக்கத்திலோ, நியூ ஜேர்சியில் இருந்த எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில், அவருடைய உதவியாளர் வில்லியம் டிக்சன் பெரியதோர் ஒலிப்புனலின் முன் நின்று வயலின் வாசித்தார். அருகே இரு ஆடவர் நடனமாடினர். படம் சுமார் 17 செக்கன். ஒலி தனியாக மெழுகு உருளையிற் பதிவாயிற்று. இரண்டையும் இணைத்து ஓட்ட அன்று இயலவில்லை. உடைந்து கிடந்த உருளை 1998இல் செப்பனிடப்பட்டது. அதில் இருந்த ஒலியோ இரண்டு நிமிடத்தளவு. அதில் எந்தப் பகுதி அந்த 17 செக்கனுக்கு உரியது? ஹொலிவூட் படத்தொகுப்பாளர் வோல்ட்டர் மேர்ச் 2000ஆம் ஆண்டில் இரண்டையும் கணினியில் இட்டுப் பொருத்திக் காட்டினார். டிக்சன் தொடங்கிய வேலை முடிவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

வோர்னர் சகோதரர்கள் 1926இல் அறிமுகஞ் செய்த வைற்றபோன் முறையில், படம் ஒரு சுருளிலும் ஒலி 16 அங்குல இசைத்தட்டிலும் இருந்தன. ஒரே மோட்டார் இரண்டையும் இயக்கியது. தட்டிற் கீறப்பட்டிருந்த அம்புக்குறியில் ஊசியை வைத்து, சுருளின் தொடக்கக் குறியோடு சேர்த்து ஓட்ட வேண்டும். படச்சுருள் அறுந்தால்தான் ஆபத்து. அறுந்த துண்டை வெட்டியெறிந்து ஒட்டினால், அந்த இடத்திலிருந்து படம் ஒலியை முந்திவிடும். ஆகையால், இழந்த படச்சட்டங்கள் எத்தனையோ அத்தனை கறுப்புச் சட்டங்களை இடையில் ஒட்டினர். இந்தக் கறுப்புச் சட்டங்களை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவும்.

ஊமைப்படக் காலத்தில், கையாற் சுழற்றிய கமெராவின் வேகம் சுழற்றியவரின் கையைப் பொறுத்தது. ஒலி வந்ததும் அந்தச் சுதந்திரம் போயிற்று. படத்தின் வேகம் மாறினால் கண் பொறுக்கும்; சுருதி மாறினாற் காது பொறாது. நிமிடத்துக்கு 90 அடி என்று வேகம் நிலைநிறுத்தப்பட்டது. அடிக்கு 16 சட்டங்கள்; எனவே செக்கனுக்கு 24. பின்னர் ஒலியும் படச்சுருளின் ஓரத்திலேயே பதிவானபோது, ஒலியைப் படத்திலிருந்து பிரிக்க எவராலும் எளிதில் முடியவில்லை. சினிமா அந்த வகையில் நிம்மதியடைந்தது.

நிம்மதியைக் குலைத்தது தொலைக்காட்சி. ஐரோப்பாவில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதன் பாதியாகச் செக்கனுக்கு 25 சட்டங்கள். அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸ், ஆகவே 30. 1953இல் அங்கு வர்ணத் தொலைக்காட்சி அங்கீகரிக்கப்பட்டபோது, வர்ணச் சமிக்ஞையும் ஒலிச் சமிக்ஞையும் ஒன்றோடொன்று மோதாதிருக்க அந்த 30ஐ 29.97 ஆகக் குறைத்தனர். அதற்கேற்ப, அங்கு ஒளிபரப்பாகும் சினிமாவின் 24உம் 23.976 ஆயிற்று. ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றந்தான். ஆனால் மணித்தியாலத்துக்கு 3.6 செக்கன்! பழைய கறுப்பு-வெள்ளைப் பெட்டி வைத்திருந்தோரைக் கைவிடாதிருக்கச் செய்த இந்தச் சமரசத்துக்கு, பெட்டிகள் எல்லாம் குப்பைக்குப் போன பின்னரும் நாம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஐரோப்பிய முறையில் 24 சட்டங்களை 25 ஆக ஓட்டிவிடுவர். இரண்டு மணித்தியாலப் படம் 1 மணி 55 நிமிடம் 12 செக்கனில் முடிந்துவிடும். குரலும் ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் உயரும். இலங்கையும் இந்தியாவும் இந்த 25இன் பக்கத்திலே நின்றன. கனடாத் தமிழர் அமெரிக்க முறைக்குள் வாழ்ந்தனர். அமெரிக்க இறுவட்டிலிருந்து படத்தையும் ஐரோப்பிய இறுவட்டிலிருந்து ஒலியையும் எடுத்து ஒன்றாக்குபவர், தம்மையறியாமலே இவ்விரு மின்சாரங்களையும் கலக்கிறார். தொடக்கத்திற் பொருந்தும் குரல், இரண்டாவது மணித்தியால முடிவில் ஐந்து நிமிடத்தளவு முந்திவிடும்.

1992இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட ஏவிஐ கோப்பு முறை இன்னொரு சிக்கலைச் சேர்த்தது. நிலையான வேகத்தில் வரும் ஒலிக்கென அமைந்த அதற்குள், பின்னாளில் இடத்துக்கிடம் அடர்த்தி மாறும் எம்பி3 ஒலியைத் திணித்தனர். சில மென்பொருட்கள் நேரத்தைத் தவறாகக் கணித்தன.

ஆகவே நோயை அறிந்தே மருந்து. ஐந்தாம் நிமிடத்திலும் இறுதியிலும் பிசகு ஒரே அளவாயின், ஒலியை அவ்வளவு மில்லிசெக்கன் நகர்த்தினாற் போதும். சீராக வளர்ந்து செல்லுமாயின் வேகப் பிசகு. ஒலியின் நீளத்தை 25க்கு 24, அல்லது 25க்கு 23.976 என்ற விகிதத்தில் மாற்ற வேண்டும். திடீர் திடீரென வளருமாயின், மாற்றும்போது சில சட்டங்கள் தவறிவிட்டன என்று பொருள்.

எவ்வளவு பிசகைக் கண்டுபிடிக்கிறோம்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லிசெக்கன் முந்தினாலே உணர்வோம். பிந்தினால் 125 வரை உணர்வதில்லை. வயலுக்கு அப்பால் விறகு கொத்துபவனின் கோடரி விழுந்த பிறகே ஓசை வருவது நமக்குப் பழக்கம். ஓசை முந்தி வருவதை இயற்கையில் எவரும் கண்டதில்லை.

மருமகனின் கோப்பு மூன்றாம் வகை. முதல் அரைமணி நேரம் பிசகில்லை. பின்னர் மூன்று இடங்களிற் பாய்ச்சலாய் வளர்ந்தது. கடைக்காரரின் கணினி ஈடுகொடுக்க முடியாமல் சட்டங்களைத் தவறவிட்டிருக்கிறது. ஒலி முழுமையாக இருந்தது, படந்தான் குறைந்திருந்தது. நல்லவேளையாக மூல நாடாவை அவன் எறிந்துவிடவில்லை. ஆனால் அது பூஞ்சணம் பிடித்திருந்தது; மீண்டும் ஓட்டுவதற்கு அஞ்சினான்.

இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து, தவறிய மூன்று இடங்களையும் கண்டுபிடித்தான். ஒவ்வோரிடத்திலும் கடைசிச் சட்டத்தை வேண்டிய எண்ணிக்கையில் திரும்பத் திரும்ப ஒட்டினான். 1926இன் கறுப்புச் சட்டங்களைப் பற்றி அவன் கேள்விப்பட்டிருக்கவில்லை. மூன்றாவது இடத்தில் அம்மா பந்திக்கு ஆட்களைக் கூப்பிடுகிறார். அவருடைய கை உயர்ந்தபடி ஒரு செக்கனுக்கும் குறைவாக அசையாது நிற்கிறது. பிறகு உதடும் குரலும் ஒன்றாகவே வருகின்றன.