பந்தல் பிரிக்கிறவர்

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். எங்க தாத்தா அங்கே முத்தெடுக்கவில்லை, கொட்டகை போட்டார். பார்களில் சிப்பி முற்றியிருக்கிறது என்று மாதிரி எடுத்துப் பார்த்து சலாபம் அறிவித்தால், வெறும் மணலில் சில வாரங்களுக்கு ஓர் ஊரே முளைக்கும். முடிந்ததும் ஊர் காணாமல் போகும். "போடுறது லேசுல. பிரிக்கும்போதுதான் எதுல எதைக் கட்டிருக்குன்னு தெரியும்" என்பார்.

இந்த வாக்கியம் எனக்குப் புரிந்தது ஒரு நள்ளிரவில், சர்வர் முன்னால். பண்டிகை விற்பனைக்காக, ஓடிக்கொண்டிருந்த ஒரு மெய்நிகர் கணினிக்கு ரேம் சேர்த்திருந்தோம். விற்பனை முடிந்து திரும்ப எடுக்கப் போனால், ஒரு பிளாக் மட்டும் வரமாட்டேன் என்றது. 128 எம்பி, அதாவது 32,768 பக்கங்கள். அதில் நகராத ஒரே ஒரு பக்கம் இருந்தாலும் போதும், மொத்த பிளாக்கும் நிற்கும்.

ஏன் நகராது? சாதாரண நிரலின் கையில் இருப்பது மெய்நிகர் முகவரி. அது எந்த ரேம் பக்கம் என்பதைப் பேஜ் டேபிள் சொல்கிறது. பக்கத்தை வேறிடத்தில் நகலெடுத்து, டேபிளில் குறிப்பை மாற்றினால் வேலை முடிந்தது. வீடு மாறியது நிரலுக்கே தெரியாது. ஆனால் லினக்ஸ் கெர்னல் தன் சொந்தச் சாமான்களில் பெரும்பகுதியை நேரடி முகவரியில் வைத்திருக்கிறது. ஒரு நிலையான எண்ணைக் கழித்தால் ரேம் முகவரி வந்துவிடும். வேகமான ஏற்பாடுதான். ஆனால் அந்த முகவரியை எங்கெங்கே யார் குறித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடித் திருத்த வழியில்லை.

இந்தச் சிக்கல் பழையது. 1997இல் வந்த சன் நிறுவனத்தின் என்டர்பிரைஸ் 10000 கணினியில், ஓடும்போதே பலகையைக் கழற்றலாம். அதற்காக சோலாரிஸ் கெர்னலின் பக்கங்களை ஒரு கூண்டுக்குள் அடைத்தார்கள். மற்ற பலகைகள் சுதந்திரமாக இருந்தன. லினக்ஸ் அதே யோசனையைத் தலைகீழாகப் போட்டது. நகரக்கூடியவை மட்டும் தங்கும் 'மூவபிள்' மண்டலம், அயர்லாந்தின் மெல் கோர்மன் உழைப்பில், 2007இல் 2.6.23 பதிப்பில் வந்தது. அடுத்த பதிப்பில், 2008 ஜனவரியில், ஃபுஜிட்சுவின் கமேசாவா ஹிரோயுகியின் பங்களிப்போடு நினைவகத்தை நீக்கும் வழியும் வந்தது. சேர்க்கும் வழி அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. போடுறது லேசு!

எங்கள் தப்பு சின்னது. ரேமைச் சேர்க்கும்போது 'ஆன்லைன்' என்று மட்டும் சொன்னோம். 'ஆன்லைன் மூவபிள்' என்று சொல்லியிருக்க வேண்டும். கெர்னல் அங்கே தன் பெட்டியைப் பிரித்து உட்கார்ந்துவிட்டது. எல்லா ரேமையும் மூவபிள் ஆக்கிவிடலாமே என்றால் அதுவும் முடியாது. கெர்னல் உட்கார இடம் இல்லாமல் போகும். எவ்வளவு நிரந்தரம், எவ்வளவு தற்காலிகம் என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். கடைசியில் இயந்திரத்தை நிறுத்தி, மறுபடி கிளப்பினோம். நிறுத்தாமல் செய்வதற்காக ஒரு தலைமுறையே பாடுபட்ட வேலை அது.

1961க்குப் பிறகு பார்களில் சிப்பி சரியாகக் கூடவில்லை. குளிகாரர்கள் பலர் சங்கு குளிக்கப் போனார்கள். கடலும் மூச்சும் அதேதான், எடுக்கிற பொருள்தான் வேறு. தாத்தா அப்படி நகரவில்லை. அடுத்த சலாபத்துக்கு ஆகும் என்று சவுக்குக் கம்புகளைக் கட்டி வீட்டுப் பின்னால் சாத்தி வைத்திருந்தார். சலாபம் வரவில்லை. அவர் போன பிறகு கம்புகளை எடுக்கப் போனோம். பாதி, சுவரோடு சேர்ந்து போயிருந்தது.