உறக்கம்: சேலம், நாமக்கல் வட்டாரத்து இரவுத் தொழிலாளரும் மூளை நலமும்

உறக்கம் என்பது புலன்கள் ஒடுங்கிச் சரீரம் இளைப்பாறும் நிலையாகத் தோன்றினும், அவ்வேளையில் மூளை தன் காரியங்களுள் மிக முக்கியமான சிலவற்றை நடத்திக்கொள்கிறது. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளைத் தேசமெங்கும் அனுப்பும் திருச்செங்கோடு, இரவும் பகலும் விசைத்தறி ஓடும் பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆகிய ஊர்களைக் கொண்ட இச்சமவெளியில், எண்ணற்ற குடும்பங்களின் ஜீவனம் இராக்கண் விழிப்பை நம்பி நடப்பதால், இவ்விஷயம் இங்கே தனிக் கவனத்துக்கு உரியது.

விழித்திருக்கும் நேரம் நீள நீள, அடினோசின் என்னும் பொருள் மூளையில் திரண்டு உறக்கத்தை வருவிக்கிறது. நள்ளிரவில் சாலையோரக் கடையில் அருந்தும் டீயிலுள்ள காஃபீன், அப்பொருள் சென்று பற்றும் இடங்களை மறித்துச் சோர்வை மறைக்கிறதேயன்றி, சோர்வின் காரணத்தை நீக்குவதில்லை. கண்ணில் விழும் ஒளியைக் கொண்டு பொழுதறியும் உட்கடிகாரம் ஒன்றும் மூளையில் உண்டு. ஆதலால் இரவெல்லாம் தறி ஓட்டியவர் பகலில் கதவடைத்துப் படுத்தாலும், அவ்வுறக்கம் இரவுறக்கத்தின் நீளத்தைப் பெரும்பாலும் எட்டுவதில்லை.

பகலில் கற்றவை நிலைத்த ஞாபகமாவதற்கு உறக்கம் பெரிதும் துணைசெய்கிறது. உறங்கும் வேளையில் மூளைத் திரவம் கழிவுப் பொருள்களை விரைந்து அகற்றுவதாக 2013இல் எலிகளிடம் நடத்திய ஆராய்ச்சி தெரிவித்தது. மனிதரிடத்து அதன் அளவு குறித்த ஆய்வு இன்னும் முடிந்தபாடில்லை.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் திறனளவுக்குத் தாழ்கிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று கண்டது. இந்தியச் சட்டம் வாகன ஓட்டிக்கு விதித்துள்ள வரம்போ 0.03 சதவீதமே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரியில் ஓட்டுநர் 3 விநாடி கண்ணயர்ந்தால், வண்டி 50 மீட்டர் தூரம் பார்ப்பாரின்றி ஓடிவிடும். தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தை அறிந்தவர்க்கு அத்தூரத்தின் பயங்கரத்தை விளக்க வேண்டுவதில்லை. இதனை ஓட்டுநரின் அசட்டை என்று மட்டும் ஒதுக்குவது நியாயமன்று. லோடு இறக்க வேண்டிய கெடுவை விதிப்பவர் அவரல்லர்.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையையும், 5 மணி நேரத்துக்கு மேற்படாமல் அரைமணி இடைவேளையையும், ஒருநாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குமுன் 9 மணி நேர ஓய்வையும் வகுத்தது. அந்த ஒன்பதில் குளியலும் சாப்பாடும் போக எஞ்சுவது, வயதுவந்தோர்க்கு மருத்துவர் கூறும் குறைந்தபட்ச உறக்கமாகிய 7 மணி நேரமேயாகும்.