கல்லீரல் புற்றுநோய்: கட்டியை அழிக்கும் சிகிச்சைக்குப் பிந்தைய ஸ்கேன்

கல்லீரலில் தோன்றும் புற்றுக்கட்டியை, அறுவை சிகிச்சையின்றி, அக்கட்டியை மட்டும் குறிவைத்து அழிக்கும் முறைகள் உள்ளன. ரேடியோ அலை அல்லது மைக்ரோவேவ் வெப்பத்தால் சுட்டு அழிப்பது ஒரு முறை. கட்டிக்குச் செல்லும் தமனியில் புற்றுநோய் மருந்தைச் செலுத்தி, அத்தமனியை அடைக்கும் 'டேஸ்' மற்றொரு முறை. சிகிச்சைக்குப் பிந்தைய ஸ்கேனிலும் கட்டியின் அளவு குறிப்பிடப்பட்டிருந்தால், சிகிச்சை பலனளிக்கவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

அளவு ஏன் குறைவதில்லை?

இறந்த கட்டி உடனே மறைவதில்லை. பல மாதங்களில் மெல்லச் சுருங்கும். வெப்ப சிகிச்சையின்போது, பாதுகாப்பிற்காகக் கட்டியைச் சுற்றியுள்ள திசுவும் சிறிதளவு சேர்த்து அழிக்கப்படுகிறது. ஆகவே முதல் ஸ்கேனில் அவ்விடம் பழைய கட்டியைவிடப் பெரிதாகவே தெரியலாம்.

மருத்துவர் எதைப் பார்க்கிறார்?

கல்லீரலின் இயல்பான திசு பெரும்பாலும் போர்ட்டல் சிரை வழியாகவும், முதன்நிலைக் கல்லீரல் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி வழியாகவும் இரத்தம் பெறுகின்றன. நரம்பூசி வழியே கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி, சில நொடிகள், நிமிடங்கள் இடைவெளியில் பலமுறை படம் எடுக்கப்படும். உயிருள்ள கட்டி முதலில் ஒளிர்ந்து பின் மங்கும். இறந்த பகுதி ஒளிராது. ஓரத்தில் சீரான மெல்லிய வளையம் தெரிந்தால், அது சிகிச்சையால் ஏற்பட்ட அழற்சியாக இருக்கலாம். தடித்த, முடிச்சு போன்ற பகுதி ஒளிர்ந்தால், கட்டி எஞ்சியிருப்பதாக ஐயுற வேண்டும்.

டேஸ் சிகிச்சையில் லிப்பியோடால் எனும் எண்ணெய் பயன்படுத்தப்பட்டிருந்தால், அது சி.டி. ஸ்கேனில் வெண்மையாகத் தெரிந்து, எஞ்சிய கட்டியை மறைக்கக்கூடும். அந்நிலையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கூடுதல் தெளிவைத் தரும்.

எப்போது எடுக்க வேண்டும்?

பொதுவாக முதல் ஸ்கேன் சுமார் 1 மாதத்திலும், பின்னர் ஏறத்தாழ 3 மாதங்களுக்கு ஒருமுறையும் எடுக்கப்படும். கட்டி முழுமையாக அழிந்திருந்தாலும் இதனைத் தவிர்க்கலாகாது. சிரோசிஸ் உள்ள கல்லீரலில் வேறோரிடத்தில் புதிய கட்டி தோன்றக்கூடும். சிறியதாக இருக்கும்போதே கண்டறிந்தால் மீண்டும் சிகிச்சை அளிக்கும் வாய்ப்பு அதிகம். ஏ.எஃப்.பி. இரத்தப் பரிசோதனை இதற்குத் துணை செய்யும். ஆனால் ஸ்கேனுக்கு மாற்றாகாது.

ஸ்கேனுக்குச் செல்லும் முன்

• பழைய ஸ்கேன் படங்கள், குறுந்தகடுகள், சிகிச்சைக் குறிப்புகள் ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லவும். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மாற்றம் புலப்படும்.
• சிறுநீரக நோய், முந்தைய ஒவ்வாமை, கர்ப்பம், மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொள்ளுதல் ஆகியவற்றைத் தெரிவிக்கவும்.
• எம்.ஆர்.ஐ. எனில், பேஸ்மேக்கர் அல்லது உடலினுள் பொருத்தப்பட்ட உலோகம் பற்றிக் கட்டாயம் கூறவும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்

டேஸ் சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் இலேசான காய்ச்சலும் வலியும் இருப்பது வழக்கம். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், கடும் வயிற்றுவலி, அதிகரிக்கும் மஞ்சள் காமாலை, இரத்த வாந்தி, கருநிற மலம், மனக்குழப்பம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினாலும், அடுத்த ஸ்கேன் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.